எங்களை விட்டுப் போனவர்களின் அழைப்புகள்

சென்ற மாதம் ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு காலத்தில் என்னோடு ஒரே அறையில் பணியாற்றிய பொறியாளர். இன்று தனியே ஒரு நிறுவனம் நடத்துகிறார். அங்கே வாடிக்கையாளரின் முறையீடுகளுக்கு இனி ஓர் இயந்திரம்தான் விடையளிக்குமாம். அதைப் பழக்கும் இளையோர், மனிதர்கள் விடையளித்த காலத்தைப் பற்றிப் படிக்க விரும்புகிறார்களாம். "நீங்க எழுதிக் குடுங்க சார். ஆனா அவங்களுக்குப் புரியற தமிழ்ல எழுதுங்க" என்றார். முதல் வேண்டுகோளை முழுமையாக நிறைவேற்றுகிறேன். இரண்டாவதற்கு இயன்றதைச் செய்கிறேன்.

நான் தமிழில் முதுகலை பயின்றவன். ஆசிரியப் பணி கிட்டாமல் குரோம்பேட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அவ்வச்சகம் மூடப்படவிருந்த வேளையில், தோல் வணிக விலைப்பட்டியல் அச்சிட வந்திருந்த ரவூப் பாய் என்னை வேலைக்கு அழைத்தார். சேலையூரில் கேம்ப் ரோடு எனப்படும் முகாம் சாலையில் இணையதளங்களுக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் ஒன்றை அவர் தொடங்கியிருந்தார்.

"எனக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாதே, பாய்" என்றேன்.

"எனக்கும்தான் தெரியாது புலவரே. தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு கீது. நீங்க ஃபோன் எடுத்துப் பேசுங்க, போதும்" என்றார்.

அந்தப் பெண்தான் ஸ்டெல்லா. எனக்கு அளிக்கப்பட்ட பயிற்சி அவ்வளவே.

தொழிலின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். இணையதளம் ஒன்று எந்நேரமும் திறந்திருக்க வேண்டுமானால், எந்நேரமும் இயங்கும் கணினி ஒன்றில் அது குடியிருக்க வேண்டும். பாய் அக்கணினியை 'சர்வர்' என்பார். நான் 'வழங்கி' என்பேன். அமெரிக்காவில் ஒரு வழங்கியை வாடகைக்கு எடுத்து, அதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பல்லாவரம் முதல் தாம்பரம் வரையிலான வணிகர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டோம். பாயின் குடும்பம் பம்மலில் தோல் வணிகம் செய்த குடும்பம். கடைகளை வாடகைக்கு விட்டும் பழகியது. எனவே இணையமும் அவர் கண்ணுக்கு ஒரு கடைத்தெருவாகவே தெரிந்தது. வாடிக்கையாளருக்கும் அப்படித்தான். சிட்லபாக்கத்தில் ஊறுகாய் போட்டு விற்ற அம்மையார் ஒருவர் தம் தளம் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று படியேறி வந்துவிட்டார். அது அமெரிக்காவில் உள்ளது என்று விளக்கினேன். என் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "என் பையனுக்கு ரெண்டு தடவ விசா குடுக்கல. ஊறுகாய் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மனநிறைவோடு இறங்கிப் போனார்.

தொலைபேசியில் பேசும் முறையைப் பாய் எனக்கு எழுதித் தரவில்லை. நாற்காலியை என் மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் பேசுவதைக் கேட்பார். அழைப்பு முடிந்ததும் திருத்துவார். முதலில் பெயரைக் கேட்க வேண்டும். அடுத்துத் தொழிலைக் கேட்க வேண்டும். முறையீட்டை மூன்றாவதாகத்தான் கேட்க வேண்டும். "வந்தவனை உக்கார வெக்காம, இன்னா வேணும்னு கேப்பீங்களா?" என்பார். பிழை வாடிக்கையாளருடையதே என்றாலும் அதை வாயால் சொல்லலாகாது. எவருடைய கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கலாகாது. அது அடுத்தவன் கடைச் சாவி. இறுதியாக, தொலைபேசியை நாம் முதலில் வைக்கலாகாது. இந்த இறுதி விதியால் ஒருமுறை இடர் நேர்ந்தது. செம்பாக்கத்தில் இருந்த இரயில்வே அதிகாரி ஒருவரும் இதே ஒழுக்கம் உடையவர். பேச்சு முடிந்த பின் அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லாதான் எழுந்து வந்து பொத்தானை அழுத்தி எங்கள் இருவரையும் விடுவித்தார்.

ரவூப் பாய் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சினம் வந்தால் தேநீர் வரவழைப்பார். சினம் மிகுந்தால் கூடவே சமோசாவும் வரும். சமோசா வந்துவிட்டால் நானும் ஸ்டெல்லாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

எங்கள் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தபோது, பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு புதிய நிறுவனம் முளைத்தது. முதலீட்டாளர்களின் பணத்தில் நடப்பது. முதலாண்டு முழுவதும் இலவசம், இடத்துக்கு எல்லையே இல்லை என்று விளம்பரம் செய்தது. பாய் அந்த விளம்பரத்தை நெடுநேரம் பார்த்தார்.

"வாடகையே இல்லாம கடை குடுத்தா அவன் எப்பிடிப் பொழைப்பான்?"

"அவங்களுக்கு லாபம் வேணாம் பாய். கஸ்டமர் எண்ணிக்கை ஏறினாப் போதும். அதைப் பாத்து இன்வெஸ்டர் பணம் போடுவாங்க" என்றார் ஸ்டெல்லா.

"போட்ட பணத்தை வெச்சி?"

"இன்னும் கஸ்டமர் ஏத்துவாங்க."

"அப்பால?"

"இன்னொரு இன்வெஸ்டர் வருவாங்க."

"அவன் எதுக்கு வர்றான்?"

"முதல் இன்வெஸ்டர் வந்தாரேன்னு."

பாய் தேநீர் வரவழைத்தார்.

வாடிக்கையாளர்கள் போகத் தொடங்கினர். அவர்களைக் குறை கூற இயலாது. இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு எங்களிடம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்க அவர்களுக்கு என்ன கட்டாயம்? சில மாதங்களில் எங்கள் தெருவில் பாதிக் கடைகள் காலி. அப்போதுதான் ஒரு வியப்பு நிகழ்ந்தது. வாடிக்கையாளர் குறைந்தனர், தொலைபேசி அழைப்புகள் குறையவில்லை. அந்தப் புதிய நிறுவனத்துக்குத் தொலைபேசி எண்ணே கிடையாது. முறையீட்டை ஒரு படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் எண்ணைத் தருவார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கத்தான் எங்களை விட்டுப் போனவர்கள் எங்களையே அழைத்தார்கள்.

"சார், இவர் போன மாசமே அங்க போயிட்டார். இது அவங்க பிரச்சினை" என்று ஸ்டெல்லா, நான் பேசிக்கொண்டிருந்த அழைப்பைச் சுட்டித் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் பாயைப் பார்த்தேன். பாய் கேட்டார்: "பேரு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"தொழில்?"

"கேட்டேன். தையற்கடை."

"பேரும் கேட்டுட்டு, தொழிலும் கேட்டுட்டு, அப்பால நீ எங்க ஆளு இல்லன்னு எப்பிடிச் சொல்வீங்க புலவரே? ஃபோன் பண்ணது நமக்குத்தானே?"

ஸ்டெல்லா விடவில்லை. "பாய், நாம சரி பண்ணிக் குடுத்தா அவங்க சர்வீஸ் மோசம்னு யாருக்குமே தெரியாது. போன கஸ்டமர் திரும்பி வரவே மாட்டாங்க." அவர் வாதம் பழுதற்றது. நானும் உள்ளத்தில் அவர் பக்கமே நின்றேன். ஆனால் தையற்காரர் அதற்குள் தம் தங்கை மகள் பூப்பெய்திய செய்திவரை என்னிடம் சொல்லிவிட்டிருந்தார். எந்த முகத்தோடு மறுப்பது?

இவ்வாறு எதிரியின் வாடிக்கையாளருக்கு ஊதியமின்றித் தொண்டு செய்துகொண்டிருந்த எங்களைக் கண்டு, ரவூப் பாயின் தமையனார் பொறுமை இழந்தார். கட்டடம் அவருடையது. கீழ்த்தளத்தில் அவருடைய தோல் கிடங்கு, மேல்தளத்தில் நாங்கள். அவரைப் பெரிய பாய் என்போம். மாடியில் ஒரு காலணிக் காட்சிக்கூடம் அமைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். "யாரோ குடுக்கற தலைவலிக்கு நீ ஓசில மாத்திரை குடுக்கறே. பெருநாளுக்குள்ள வருமானத்தைக் காட்டு. இல்லன்னா மாடியக் காலி பண்ணு" என்று தம்பியிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது ஐம்பதைக் கடந்த அகவை. மெய்ப்புத் திருத்துநரை எவரும் தேடாத காலம். மாடி காலியானால் நானும் காலி.

அந்த நாள்களில்தான் கிரேஸ் டீச்சரின் சிக்கல் வந்தது. என் பணிக்காலத்தில் நான் கையாண்டவற்றுள் அதுவே மிகக் கடினமானது.

அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கிறித்தவக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துத் தரும் இணையதளம் ஒன்றை நடத்தினார். எங்களிடம் இருந்தவற்றுள் அதுவே பெரிய தளம். அவருடைய அண்ணன் மகன் ஒருநாள் அதைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிவிட்டான். ஒரு சனிக்கிழமை நண்பகல் அவர் அழைத்தார்.

"புலவர் சார், மாப்பிள்ளைங்க எல்லாம் காணாமப் போயிட்டாங்க."

"எல்லாருமா?"

"ஒருத்தன் இல்ல. பொண்ணுங்க மட்டும் அப்படியே இருக்காங்க. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் சர்ச் ஹால்ல எல்லாக் குடும்பமும் வராங்க. பெரிய திரையில போட்டோ காட்டறேன்னு சொல்லியிருக்கேன். பொண்ணுங்களை மட்டும் காட்டினா என்னை அடிப்பாங்க சார்."

ஸ்டெல்லா அந்நிறுவனத்தின் விதிமுறைகளைத் தேடிப் படித்தார். இடத்துக்கு எல்லை இல்லை என்பது உண்மையே. ஆனால் ஓர் உறைக்குள் (ஸ்டெல்லா அதை 'ஃபோல்டர்' என்பார்) இத்தனை கோப்புகளுக்கு மேல் இருந்தால் அவ்வுறை தானாகப் பூட்டிக்கொள்ளும். மாப்பிள்ளைகளின் உறை நிரம்பிப் பூட்டிக்கொண்டது; தளத்தில் தெரியாவிட்டாலும், கடவுச்சொல்லோடு உள்ளே நுழைபவர் படங்களைக் காணலாம். அளவுக்குமேற்பட்ட படங்களை நீக்கினால் திறந்துகொள்ளும். டீச்சர் முன்பே முறையீடு அனுப்பியிருந்தார். "அன்புள்ள கிரேஸ், உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி, மூன்று வேலைநாள்களில் தொடர்புகொள்வோம்" என்ற பொருளில் விடை வந்திருந்தது.

"பாஸ்வேர்டைச் சொல்லிடறேன் சார், நீங்களே உள்ள போய் எடுத்துடுங்க. என் பேரன்…"

"சொல்லாதீர்கள் டீச்சர்!"

"…பேருதான் சார்" என்று முடித்தும்விட்டார். பேரன் பெயரை நாங்கள் அறிவோம், ஆயினும் பாயின் விதி விதிதான். டீச்சரே தம் வீட்டுக் கணினியில் ஒவ்வொரு படமாக நீக்க வேண்டும். நான் தொலைபேசியில் வழிகாட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் நான்கைந்து படங்கள் இருந்தன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கிவிடலாம் என்று எளிதாகச் சொன்னேன். எளிதாக இல்லை.

"இவன் பைக் மேல சாஞ்சு நிக்கறது ஒண்ணு, கோட் போட்டு ஒண்ணு."

"பைக் படத்தை நீக்கிவிடலாமே."

"பைக்கை எடுத்துட்டா அப்புறம் அவன்கிட்ட என்ன சார் இருக்கு?"

"சரி, கோட்டை நீக்குங்கள். அடுத்தவர்?"

"சிங்கப்பூர்ல ஒரு பாலத்துக்கு முன்னாடி நிக்கறான். ஆள் சின்னதாத்தான் தெரியறான். இன்னொண்ணு கிட்டத்துல எடுத்தது."

"அருகில் எடுத்ததை வைத்துக்கொள்ளலாம்."

"வேணாம் சார். முகம் சுமார்தான். பாலமே இருக்கட்டும்."

பிற்பகல் முழுவதும் இவ்வாறு கழிந்தது. என் வாழ்நாளில் ஆடவர் தோற்றத்தைப் பற்றி நான் அவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்ததில்லை. பாய் சமோசா வரவழைத்தார். வெயில் சாயும் வேளையில் உறை திறந்துகொண்டது. மாப்பிள்ளைகள் ஆளுக்கொரு படத்தோடு மீண்டும் தோன்றினர். திங்களன்று டீச்சர் அழைத்தார்.

"சந்திப்பு நல்லா நடந்தது சார். பாலத்துக்காரனை ஒரு பொண்ணு வீட்டுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முகம் தெரியற போட்டோ ஒண்ணு கேக்கறாங்க. அதத்தான் எடுத்துட்டமே!"

அதன்பின் சில வாரங்களில் பிரணவ் என்னும் இளைஞர் எங்கள் படிகளில் ஏறி வந்தார். அப்புதிய நிறுவனத்தின் மேலாளர். நல்ல பண்புடைய பிள்ளை. உட்காரச் சொல்லும்வரை நின்றார். மடிக்கணினியைத் திறந்து சென்னை வரைபடம் ஒன்றைக் காட்டினார். முறையீடு வந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. அடையாறு சிவந்திருந்தது, அண்ணா நகர் கொப்புளித்திருந்தது. தாம்பரம், சேலையூர், பம்மல் பகுதி மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"இந்த ஏரியாவுல எங்களுக்கு நிறைய கஸ்டமர் இருக்காங்க சார். கம்ப்ளைண்ட் மட்டும் வரவே இல்ல. இன்வெஸ்டர்ஸ் அசந்துட்டாங்க. இங்க என்ன பண்றீங்களோ அதை ஊர் பூரா பண்ணுங்கன்னு சொல்றாங்க. நாங்க இங்க ஒண்ணுமே பண்ணலையே! என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு கஸ்டமர் வீடு வீடாப் போனேன். எல்லாரும் ரொம்ப சந்தோஷமாப் பேசினாங்க. எல்லாரும் உங்க நம்பரைக் குடுத்தாங்க."

ஸ்டெல்லா மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கிறார் என்று அறிந்தேன். அந்நேரம் பார்த்துத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் பிரணவின் நிறுவனத்து வாடிக்கையாளரே.

"உங்க கஸ்டமர்தான். பேசறீங்களா?" என்று ஸ்டெல்லா கருவியை அவரிடம் நீட்டினார்.

பிரணவ் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, எவ்வாறு உதவலாம் என்று வினவினார். மறுமுனையின் குரல் எங்களுக்கே கேட்டது. "யாருப்பா நீ? புதுசா? புலவர் சாரைக் கூப்பிடு. அவரு இல்லன்னா அந்தப் பொண்ணைக் கூப்பிடு. ரெண்டு பேரும் இல்லன்னா நான் சாயந்தரம் பண்ணிக்கிறேன்."

பிரணவ் கருவியை என்னிடம் தந்துவிட்டு, வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே ஒப்பந்தம் வந்தது. இத்தனை நாள் இலவசமாகச் செய்ததை இனி அவர்கள் ஊதியம் தந்து செய்யச் சொன்னார்கள். பாய் ஒப்புக்கொண்டார், பெருநாளும் மாடி காலியாகாமல் கடந்தது. ஆனால் ஊதியத்தோடு விதிகளும் வந்தன. வாழ்த்துரை அவர்கள் எழுதியது. அழைப்பை விரைந்து முடிக்க வேண்டும். ஒருவர் எங்கோ அமர்ந்து ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போடுவார். ஸ்டெல்லா மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றார். நான் வாரந்தோறும் தோற்றேன். பிரணவ் தயங்கித் தயங்கிக் காரணம் கேட்டார்.

"சார், ஒரு கால்ல கஸ்டமரோட மாமியார் கண் ஆபரேஷனைப் பத்தியே பேசியிருக்கீங்க."

"தளம் இயங்காமைக்கு அதுவே காரணம், தம்பி. கடவுச்சொல் மாமியாருக்குத்தான் தெரியும். கட்டு அவிழ்க்கும்வரை அவரால் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சிட முடியாது."

"அதுக்கு இந்தப் பட்டியல்ல கட்டமே இல்லையே சார்" என்றார் பிரணவ். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அடுத்த முதலீட்டாளர் வரவில்லை. முந்தியவர்கள் பணம் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள். பிரணவ் தொலைபேசியில் செய்தி சொன்னார்: மாத இறுதியில் அவர்களுடைய வழங்கிகள் அனைத்தும் நிறுத்தப்படும், அதற்குள் எடுத்துக்கொள்ளாதவர்களின் தளங்கள் அழிந்துபோகும். "எல்லாருக்கும் மெயில் அனுப்பிட்டோம் சார். யாரும் திறந்து படிச்ச மாதிரியே தெரியல." ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது. செய்தி கீழ்த்தளத்துக்கு எட்டிய உடனே, காட்சிக்கூடத்துக்கு அளவெடுக்கத் தச்சரை அழைத்து வருவதாகப் பெரிய பாய் சொல்லியனுப்பினார்.

ரவூப் பாய் தேநீரும் வரவழைக்கவில்லை, சமோசாவும் வரவழைக்கவில்லை. "எல்லாருக்கும் ஃபோன் போடுங்க. நம்மகிட்ட வரட்டும், வேற எவன்கிட்டயாவது போகட்டும். பொருளை மொதல்ல எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார். மாடியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் மேசைகள் எங்கே போகும் என்று கேட்காமலே அழைக்கத் தொடங்கினேன். நாங்கள் ஒருவரை அழைத்தால் அவர் மூவரிடம் சொன்னார். மூவரும் திருப்பி அழைத்தார்கள்.

பெரிய பாய் தச்சரோடு படியேறி வந்தபோது, நான் ஓர் அழைப்பில் இருந்தேன். ஸ்டெல்லா இன்னோர் அழைப்பில். ரவூப் பாய் தம் கைப்பேசியில். தச்சர் என் நாற்காலிக்குப் பின்னால் அளவு நாடாவை நீட்டினார். மூன்றாவது தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது.

"யாராவது எடுங்கய்யா. காது வலிக்குது" என்றார் பெரிய பாய்.

எடுக்க எவர் கையும் ஓய்வாக இல்லை. அவரே எடுத்தார்.

"அலோ. யாரு? எந்த சலீம்? அட, பம்மல் ஷாமியானா சலீமா! நல்லா கீறியா? இன்னாது, மெயிலே வரலியா? எத்தினி நாளா? அடப்பாவி, கல்யாண சீசன்ல ஆர்டர் எல்லாம் பூட்ச்சா? இன்னாடா இது அநியாயமா கீது! இரு, இரு, வெக்காத." ஒலிவாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "புலவரே, அதை விட்டுட்டு இங்க வாங்க."

"வரிசையாகத்தான் பார்க்கிறோம் பாய். இவருக்கு முன்னால் நால்வர் இருக்கிறார்கள்."

"இன்னா வரிசை? இவன் பொழப்பே நின்னுகினு கீது, நீங்க வரிசை பேசிகினு கீறீங்க!" பிறகு தச்சரைப் பார்த்தார். "நீ இன்னாய்யா அளந்துகினு கீற? டேப்பைச் சுருட்டு. அந்த ஸ்டூலை இப்பிடித் தள்ளு."

அவர் அந்த முக்காலியில் அமர்ந்தவர், சலீமின் மின்னஞ்சல் சீராகும்வரை எழவில்லை. இடையில் வந்த அழைப்புகளையும் அவரே எடுத்தார். ஏறத்தாழ அனைவரும் அவருக்குத் தெரிந்தவர்களாகவே இருந்தனர். இறுதியில் தம் தம்பியைப் பிடித்துக்கொண்டார்: "இத்தினி ஃபோன் வருது, எடுக்க ரெண்டு ஆளா? இன்னா யாவாரம் பண்றே நீ? நாளைக்கே இன்னொரு ஆளைப் போடு!"

மறுநாள் இன்னோர் ஆள் வந்தார். போனவர்களுள் பெரும்பாலோர் திரும்பி வந்தனர். இம்முறை வாடகை தந்தே வந்தனர். காலணிக் காட்சிக்கூடம் பிற்பாடு பல்லாவரத்தில் திறக்கப்பட்டது. அதன் இணையதளத்துக்கு எங்களிடமே இடம் எடுத்தார் பெரிய பாய். நான் ஓய்வு பெற்ற நாள்வரை எங்களிடம் மிகுதியாக முறையிட்ட வாடிக்கையாளர் அவர்தாம். கிடங்கில் அமர்ந்தபடியே மாடிக்குத் தொலைபேசி செய்வார். ஒருமுறை பொறுக்க மாட்டாமல், "படியேறி வந்து சொல்லலாமே, பாய்" என்றேன்.

"ஏறி வந்தா என் தம்பி டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சிடுவான்" என்றார். "ஃபோன் பண்ணாத்தான்யா வேலை நடக்குது."